இருபத்தோராவது நாற்காலி

"ஏழு பேர்தான் வந்திருக்கோம். கோரத்துக்கு இருபத்தொரு பேராவது வேணும். கோரம் இல்லாததால கூட்டத்தை ஒத்திவைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் பிரபாகரக் குறுப்பு பதிவேட்டை மூடினார். அவர் முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை.

ஏலியாம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குவைத்தில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்து, போன வருடம்தான் திருவல்லாவுக்குத் திரும்பி வந்தவர் அவர்.

பொன்னொளி நகர் அசோசியேஷனில் அறுபத்தோரு வீடுகள். எங்கோ பிரான்சில் நடக்கும் தேர்தலைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். பொதுக்குழு என்றால் மட்டும் காலி நாற்காலிகள்தான். மூன்று வருடமாக ஒரு பொதுக்குழுவும் நடக்கவில்லை. அதற்குத் தோதாகத்தான் குறுப்பு தேதி குறிப்பார். முதல் வருடம் படகுப் போட்டி நாள். மறு வருடம் ஆவணி மாதத்து முகூர்த்த ஞாயிறு. இந்த முறை ஹர்த்தால். ஆட்கள் வீட்டில்தான் இருப்பார்கள் என்று சமாதானம் சொன்னார். ஹர்த்தால் அன்று கோழிக்கறியை விட்டு எழுந்து வர நம் ஆட்களுக்கு என்ன கிறுக்கா?

ஏலியாம்மாவின் அவசரம் ஓமனாவுக்காக. அவர் வீட்டில் வேலை செய்யும் ஓமனா, கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து அசோசியேஷன் பூங்காவின் ஓரமாகத்தான் வருவாள். அங்கிருக்கும் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் அதுதான் வழி. அதை விட்டால் பஸ் பிடிக்க மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். வழியில் ஒரு சாக்கடை, அதன்மேல் பாலமாக ஒற்றைத் தென்னந்தடி. ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் ஓமனா அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

நாலு கான்கிரீட் பலகை போட்டால் தீர்ந்தது. ஆனால் பூங்கா அசோசியேஷனுடையது. பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் அங்கே ஒரு செங்கல்லைக்கூட வைக்க முடியாது.

"நீங்க வேணும்னேதான் சார் கூட்டத்தை நடத்தவிடாம பண்றீங்க" என்று ஏலியாம்மா நேருக்கு நேராகவே கேட்டார்.

குறுப்பு மறுக்கவில்லை. "கூட்டம் கூடாததுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு சிஸ்டரே? ஓமனா நடந்துக்கிட்டுத்தானே இருக்கா."

"உடைஞ்ச கையோட நடக்குறா. உங்களுக்குப் பதவி போயிடும்னு பயம். இது ஜனநாயகம் சார், உங்க குடும்பத் தறவாட்டுச் சொத்து இல்ல."

பத்து வருடமாக அந்த நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு இது உறைக்குமா என்ன? குறுப்பு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் தலைவர் கூட்டம் போட்டே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. ஏலியாம்மா வீடு வீடாக ஏறி இறங்கினார். பூங்கா வழியைப் பற்றி முடிவெடுக்கத்தான் கூட்டம் என்று எல்லாரிடமும் சொன்னார். ஆச்சரியம், ஒருவர்கூடச் சாக்குச் சொல்லவில்லை.

"அந்த வழி விஷயமா? அப்படின்னா கட்டாயம் வர்றேன் சிஸ்டரே. எத்தனை நாளா காத்துக்கிட்டிருக்கோம் தெரியுமா?" என்றார் கோடி வீட்டு டாக்டர் ஈப்பன். அவர் மனைவி ஏலியாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வந்த பிறகுதான் இந்த நகருக்கே உயிர் வந்திருக்கிறது என்றாள். ஏலியாம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜனங்கள் தங்கமானவர்கள், தலைமைதான் சரியில்லை என்று தீர்மானித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கூட்டத்துக்குப் பிறகு மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் உண்டு என்று அறிவிப்பில் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்து நாலு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். நாற்காலி போதாமல் பள்ளிவாசலிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்தார்கள். குறுப்பு மட்டும் எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நடுவில் எழுந்து வந்து ஏலியாம்மாவின் காதோரம் கெஞ்சினார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுடல சிஸ்டரே. எனக்கு நெஞ்சு வலின்னு சொல்லிடறேன். ஒத்திவைச்சுடலாம்."

"பேசாம போய் உட்காருங்க சார்" என்றார் ஏலியாம்மா.

தீர்மானத்தை அவரே படித்தார். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. பின்வரிசையில் மீன்கறிச் சட்டியின் பக்கத்தில் நின்ற ஓமனா, கட்டுப் போட்ட கையைத் தாங்கியபடி சிரித்தாள்.

டாக்டர் ஈப்பன் எழுந்தார். சிஸ்டருக்கு நன்றி சொன்னார். ஒரு சின்னத் திருத்தம் மட்டும் என்றார். சாக்கடைமேல் பலகை வேண்டாம், வழியையே அடைத்து எட்டடி மதில் எழுப்பிவிடலாம், கண்டவர்களும் உள்ளே வந்துபோவது நிற்கும் என்றார்.

ஐம்பத்தொரு கைகள் உயர்ந்தன. ஜனநாயகம் என்றால் இதுதான் என்று பேசிக்கொண்டே எல்லாரும் கப்பை சாப்பிடப் போனார்கள். ஓமனா பரிமாறினாள்.

ஏலியாம்மா குறுப்பிடம் போனார். "தலைவர்தானே நீங்க... தடுக்கக் கூடாதா சார்?" என்று கேட்டார்.

குறுப்பு பதிவேட்டின் அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். மதில் கட்டச் சொல்லி நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனு. தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது.

"இத்தனை நாளும் கோரம் சேராம பார்த்துக்கிட்டேன் சிஸ்டரே" என்றார் குறுப்பு.