லிஃப்ட் வந்த ஷெட்

தங்கப்பழத்தின் பைக் ஷெட்டில் புதிதாக ஒரு லிஃப்ட் வந்து இறங்கியது. பைக்கை இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் இரும்பு மேடை அது. இனிமேல் குனியாமல் வேலை பார்க்கலாம். சின்ன ஜாக்கியே போதும் என்று கடைக்காரர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. லிஃப்ட் ஷெட்டை அடைத்துக்கொள்ள, அங்கே நின்ற அவருடைய பைக் வாசலுக்கு வந்தது.

“எப்போ என்மேல ஏறுவ?” என்று உள்ளேயிருந்து லிஃப்ட் கேட்டது.

“என் டயர்ல சேறா இருக்காம். உன் பெயிண்ட் கெட்டுப்போயிருமாம்” என்றது பைக்.

ஆயுத பூஜையன்று தங்கப்பழம் பைக்குக்குப் பொட்டு வைத்தார். லிஃப்டுக்கு மாலையே போட்டார். மறுநாள் பைக்கின் செயின் கிறீச்சிட்டது. தங்கப்பழம் ஸ்டாண்டுக்கு அடியில் பழைய மரக்கட்டையைக் கொடுத்து, வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து எண்ணெய் விட்டார். எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“என்கிட்ட கொண்டுவரச் சொல்லேன்!” என்று லிஃப்ட் கெஞ்சியது.

“சொன்னா கேக்குற ஆளா அவரு?” என்றது கட்டை.

அப்போது மழை பிடித்தது. தங்கப்பழம் வீட்டுக்குள் ஓடி, பைக்கை மூடும் உறையை எடுத்துவந்தார். பைக் நிம்மதியாக மூச்சுவிட்டது. அவர் அதைத் தாண்டிப் போய், ஒழுகும் ஷெட்டுக்குள் இருந்த லிஃப்டைப் போர்த்தினார்.