திறக்கிறது இருக்கட்டும்

நூரிஸா நோட்டை விரித்துத் தொண்டையைச் செருமினாள்.

"மொத்தம் பதினோரு விஷயம் ஒப்பிட்டுப் பாத்திருக்கேன், அத்தா."

மாமனார் நடைவாசலில் குந்தி உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு லாரி கிளம்ப வேண்டும். தோருகார்ட் கணவாய் வரை போய்த் திரும்பப் பன்னிரண்டு நாள்.

"பதினொண்ணா? எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப எங்கப்பா ரெண்டு விஷயம்தான் பாத்தாரு."

"அந்த ரெண்டுல ஒண்ணு என் பல்லு," என்றார் மாமியார், வழிக்கு வேண்டிய, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகளைப் பையில் கட்டியபடி. "இன்னும் நல்லா கடிக்குது."

நோட்டின் இடது பத்திக்குத் தலைப்பு 'கொலோகோ'. வலது பத்திக்குத் தலைப்பு இல்லை. அதை 'இரண்டாவது' என்றே நூரிஸா படித்தாள்.

இரண்டுமே டிவியில் தொடரும் ஆட்டமும் பார்க்கிற சந்தாக்கள். கொலோகோவில் மாமியாருக்குப் பிடித்த தொடர்கள் நிறைய. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு திரையில்தான் ஓடும். இரண்டாவது ஒரே சந்தாவில் மூன்று திரைகளில் ஓடும். டிவியில் தொடர் போய்க்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் தன் போனில் வேறு எதையாவது பார்க்கலாம்.

அந்த 'வேறு எதையாவது' வந்த இடத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது.

அது பெண்கள் வாலிபால். கல்லூரி அணியில் மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவள் அவள். மருமகளாக வந்து எட்டு மாதமாகிறது; ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

வாலிபாலுக்கு முதலில் மூன்று மதிப்பெண் போட்டிருந்தாள். சுயநலம் என்று தோன்றியதால் அழித்து ஒன்றாக்கினாள். ஒன்று என்பது பொய் என்று தோன்றியதால் அதையும் அழித்து இரண்டாக்கினாள். அந்த இடத்தில் தாள் வெங்காயத் தோல்போல மெலிந்திருந்தது.

"கொலோகோ முப்பத்தொண்ணு. ரெண்டாவது முப்பத்திமூணு."

"மார்க்கெல்லாம் சரிம்மா," என்றார் மாமனார். "நான் போயிடுவேன். திலேக் பட்டறையே கதின்னு கெடப்பான். உங்க ரெண்டு பேருக்கும் திறக்கத் தெரியாதத வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? இப்பவே திறந்து காட்டு. திறக்கிறது இருக்கட்டும். திறக்காதத நிறுத்திடறேன்."

இரண்டுக்கும் இலவச வாரம் அன்றோடு முடிகிறது; ஒன்றுக்குத்தான் பணம் கட்டுவதாகப் பேச்சு. சந்தாவுக்கான போன் அவர் கையில் இருந்தது.

ரிமோட்டின் அம்புக்குறிப் பொத்தான்கள் போன வசந்தத்தில் ஒரு கிண்ணம் தேநீர் குடித்ததோடு செத்துவிட்டன. மைக் பொத்தான் மட்டும் பிழைத்திருந்தது. எது வேண்டுமானாலும் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

"கொலோகோ!" என்றாள் நூரிஸா. உடனே திறந்தது.

"பிரமாதம். அடுத்தது?"

அவள் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். விளக்கு தானாக அணைந்தது.

இந்த ஒரு வாரமும் இரண்டாவதைத் திறந்தவன் அவள் கணவன் திலேக்தான். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டேதான் திறந்தான். மாமனார் அப்போது ஊரில் இல்லை.

"என்னம்மா, டிவிகிட்டயே வெக்கமா?" மாமனார் குனிந்தபடி அடுத்த பூட்ஸைத் தேடினார்.

நூரிஸா தன் போனில் திலேக்கை அழைத்து, அதை ரிமோட்டின் அருகே பிடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பட்டறைச் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது?

"மற்றது," என்று மைக்கிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். டிவி பிஷ்கெக்கின் வானிலையைக் காட்டியது.

"அப்ப கொலோகோவே போதும்," என்று மாமனார் போனை எடுத்தார்.

"போதும் அத்தா." நோட்டை மூடினாள். மூடிய பிறகும் விரல் அந்த மெலிந்த பக்கத்தின் நடுவே இருந்தது.

மாமியார் அவளைப் பார்த்தார். மாவு பிசையும்போது யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, இந்தப் பெண் உருண்டையைப் பத்து விரல்நுனிகளிலும் ஏந்திக் கூரைக்குத் தூக்கிவிடுவதை அவர் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். ஒருநாள் அது விளக்கில் போய் ஒட்டிக்கொண்டது.

"இந்தாங்க, ஒரு நிமிஷம் பொறுங்க," என்று நடைவாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை வாங்கினார். நடைவாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு மூச்சு எடுத்தார்.

"தஸ்தான்."

திரை முழுவதும் வலையும் பந்தும் வந்து நிறைந்தன.

நடைவாசலில் மாமனார் ஒற்றை பூட்ஸோடு எழுந்து நின்றார்.

"என்ன?"

ஒரு அடி உள்ளே வந்தார்.

"என்னையா கூப்பிட்டே?"

"டிவியை," என்றார் மாமியார், திரும்பாமலே.

வெளியே லாரியின் ஹார்ன் ஒலித்தது. முப்பத்திரண்டு வருஷமாக 'இந்தாங்க' என்றால் மட்டுமே திரும்பிப் பழகிய மனிதர் அசையவில்லை. போனைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, கொலோகோ சந்தாவை நிறுத்தினார். டிவியில் ஆட்டம் அமர்க்களமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அதுக்குச் சரியா கேட்டிருக்காது," என்றார். "இன்னொரு தடவ சொல்லு."