ஒளிராத குப்பி

“பாத்தியா, ஒளிரல!” அண்ணன் சோதனைக்கூட மேஜையைத் தட்டினான். அவன் சாயத் தொழிற்சாலை மானேஜர். குப்பியில் இருந்தது, அவன் ஆலை சுத்திகரித்து ஆற்றில் விடும் தண்ணீர்.

அதில் தங்கை ஆறு வருடமாக உருவாக்கிய பாக்டீரியாக்களை விட்டிருந்தாள். அவற்றின் மேற்பரப்பில் அவள் சேர்த்த புரதம் விஷச் சாயத்தைப் பிடித்ததும் அவை பச்சையாக ஒளிரும். பிறகு அதையே தின்று தீர்க்கும்.

“இன்னொரு சோதனை பாக்கிண்ணா. அரை மணி நேரம்தான்.”

“டிவிக்காரங்க கேட்ல நிக்கறாங்க. ஆத்தைக் கெடுத்தவன்னு ஊரெல்லாம் சொன்னியே, இப்ப உன் பூச்சியே எனக்குச் சாட்சி. தண்ணி சுத்தம்னு கையெழுத்துப் போடு!”

“அவசரப்படாதண்ணா.”

“கேரம்ல தோத்தாலும் இதே மூஞ்சிதான் உனக்கு.”

கையெழுத்துப் போட்டாள். கோபம்கூட வரவில்லை.

அவன் போனதும் பாக்கிச் சோதனையைச் செய்தாள். அதே குப்பியில் விஷச் சாயம் ஒரு சொட்டு விட்டாள். கட்டாயம் ஒளிர வேண்டும்.

ஒளிரவில்லை.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை. ஆலைத் தண்ணீர் பட்டதுமே கூண்டோடு செத்திருந்தன.

அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

சுவர் டிவியில் அவன் நேரலையில் சிரித்துக்கொண்டிருந்தான்.

“இதே தண்ணியத்தான் இப்பக் குடிச்சேன். என் தங்கச்சியே கையெழுத்துப் போட்டிருக்கா!” காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான்.

அவன் சட்டைப்பையில் போன் அடிப்பது டிவியிலேயே கேட்டது.