கடற்கரை லாம்பு

இரவு இஷாத் தொழுகையை முடித்துவிட்டுப் பள்ளிவாசலடியில் கதைத்துக்கொண்டு நின்ற பட்டின சபைச் சேர்மன் மீராலெவ்வையிடம் ஓவசியர் ஆதம்பாவா ஓடிவந்தார்.

"சேர்மன், நம்மட சபை கடக்கரையில போட்ட லாம்பத் திரும்பவும் கல்லெறிஞ்சி உடைச்சிட்டாங்க!"

"ஆர் செஞ்ச வேல?"

"அதான் விளங்கல்ல. தொழ வரக்குள்ள எரிஞ்ச லாம்பு. ஊர் ஆம்புளையள் எல்லாரும் நம்மளோட பள்ளிக்குள்ளதானே நின்டாங்க!"

"ஆளப் புடிச்சிப் பொலிசுல குடுக்காம உடமாட்டன்!"

கொதித்தபடி வீட்டுக்கு வந்தவர், மனைவி சுஹறாவின் காலில் ஒட்டியிருந்த கடல்மணலைக் கண்டு திகைத்தார்.

"நீயா?"

"நீங்க பள்ளியில நிக்கிற நேரத்துலதான் பொண்டுகள் இருட்டோட போய்க் கடக்காத்து வாங்கிற. வெளிச்சம் போட்டா நாங்க எங்க போற?" என்றாள் சுஹறா. "ஆனா, என்ட கல்லு படல்ல. உங்கட உம்மாட கல்லுதான் பட்ட."