வாளா, வாக்கா?

"நைனா, மறுபடியும் சொல்றேன். அந்த வீட்டுல மீன்ங்கிற வார்த்தையே உன் வாயில வரக் கூடாது!"

மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. ஜான்சன் வெள்ளைச் சட்டையின் கையை முகர்ந்து பார்த்தார்.

"வாசனகூட இல்லமா. சோப்பு போட்டு அப்டித் தேச்சிக்கினு வந்துகீறேன்."

"வாசனை இல்ல நைனா, பேச்சு! நாம நொச்சிக்குப்பத்துல மீன் விக்கிறோம்னு அவங்களுக்குத் தெரியும். அதுல ஒண்ணுமில்ல. ஆனா போன தடவை நான் நண்டு வறுவல்னு பேச்சை எடுத்தேன், சூடாமணி ஆன்ட்டி வாயைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடினவங்க வெளிய வரவே இல்ல."

"அதான் உங்கம்மாவ வூட்லயே உட்டுட்டு வந்தியா?"

"அம்மாவுக்கு ரெண்டாவது வார்த்தையே மீன்தானே! இன்னொண்ணு. அங்கிள் மதம், சரித்திரம்னு ஏதாவது கேட்பாரு. எது கேட்டாலும் தெரியாதுன்னுடு."

"இன்னா கேப்பாரு?"

"அது உனக்கு வேணாம். தெரியாது, அவ்ளோதான்."

அந்தக் கேள்வியால்தான் போன தடவை ஆஷாவின் காரியம் கெட்டது. சுப்பராமன் சரித்திரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான், வாய் இல்லை. அவருடைய மகன் ஸ்ரீகிருஷ்ணா, தேனாம்பேட்டை ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஆஷாவைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, அவர் ஜாதியைக் கேட்கவில்லை, மதத்தைச் சொல்லித் தடுக்கவுமில்லை. பார்க்க வந்த பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் மதம் உலகத்தில் பரவியது வாளாலா, வாக்காலா?

வாக்கால்தான் என்றாள் ஆஷா. வந்தது வினை. ஞானஸ்நானமா தலையா என்று கேட்ட ஐரோப்பிய ராஜாவை அவர் இழுத்துவர, கப்பலில் வந்த பாதிரியார் கொண்டுவந்தது சிலேட்டும் பல்பமும்தான் என்று இவள் மடக்க, காபி ஆறி ஆடை படிந்தது. "சரித்திரத்தை ஒத்துக்காத பொண்ணு எங்காத்துக்குச் சரிப்படாது" என்று அவர் எழுந்து போய்விட்டார். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. ஸ்ரீகிருஷ்ணா கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இரண்டாவது சந்தர்ப்பம் இது. இன்றும் முட்டிக்கொண்டால் மூன்றாவது கிடையாது.

வீட்டில் வரவேற்பெல்லாம் பலமாகத்தான் இருந்தது. ஸ்ரீகிருஷ்ணாவின் அம்மா சூடாமணி கேசரியும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். ஜான்சன் வாயைத் திறந்தால் கேசரிக்கு மட்டும்தான் திறந்தார். ஆஷாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சுப்பராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்ரீகிருஷ்ணா பதறினான். "அப்பா, வேண்டாமே..."

"நீ சும்மா இருடா. மிஸ்டர் ஜான்சன், ஒளிவு மறைவில்லாம ஒண்ணு சொல்லுங்கோ. உங்க குடும்பத்துக்குள்ள கிறிஸ்தவம் வந்தது வாளாலதானே?"

ஜான்சனின் கையிலிருந்த ஸ்பூன் அப்படியே நின்றது.

"சார்... உங்களுக்கு யாரு சொன்னா?"

"யார் சொல்லணும்? ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே!"

"ஊருக்கே தெரியுமா?" ஜான்சன் தலையைக் குனிந்துகொண்டார். ஆஷா கண்ணால் ஜாடை காட்டினாள். தெரியாது, தெரியாது என்று உதட்டை அசைத்தாள். அவர் பார்க்கவே இல்லை.

"இனிமே மறைச்சி இன்னா சார் ஆவப்போவுது? ஆமா. வாளாலதான்."

ஆஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுப்பராமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரத்தம்கூடச் சிந்தியிருக்குமே?"

"அதெல்லாம் கழுவிட்டா போச்சி சார். இப்ப எதுக்கு அது?"

"மனசுல ஒரு வருத்தமும் இல்லையா?"

"வருத்தமா? இத்தினி வருசத்துல ஒரு நாள் பட்டதில்ல சார். நல்லாத்தான் கீறேன்."

சுப்பராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்துவந்து ஜான்சனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ன மனுஷன்யா நீர்! இப்படி ஒருத்தர் ஒத்துண்டப்புறம் நான் மட்டும் வீம்பு பிடிச்சா நன்னா இருக்குமா? ஆஷா, நீ அன்னிக்குச் சொன்னதுலயும் நியாயம் இருக்கும்மா. ஆரம்பத்துல ரோமாபுரியில அடி வாங்கிண்டே பரப்பினவாதான் அவா. அப்போ அவா கையில ஏது வாள்? வாளும் இருந்திருக்கு, வாக்கும் இருந்திருக்கு. சூடாமணி, என்ன பாத்துண்டு நிக்கற? பஞ்சாங்கத்தை எடு!"

ஸ்ரீகிருஷ்ணா சத்தமாகவே விசிலடித்துவிட்டு, பிறகு அப்பாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். தை மாதத்தில் நாள் குறித்தார்கள். சர்ச்சில் காலையில், சத்திரத்தில் சாயங்காலம் என்று முடிவாயிற்று. ஜான்சன் இன்னொரு தட்டு கேசரி சாப்பிட்டார்.

தெருவுக்கு வந்ததும் ஆஷா அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். சிரிப்பதா, கோபிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கல்யாணம் கூடிடுச்சு, சந்தோஷம்தான். அதுக்காக இப்படியா ஒரு பொய் சொல்லுவ? நம்ம குடும்பத்துல யாரு நைனா வாளைக் காட்டி மிரட்டினது?"

"மெரட்டுனாங்களா? இன்னாமா உளர்ற?" ஜான்சன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். "குப்பனா இருந்த நானு உங்கம்மா பிலோமினா வெச்ச வாள மீன் கொழம்புல மயங்கித்தானே ஜான்சன் ஆனேன்? அது எப்டியோ சாருக்கே தெரிஞ்சிருக்கு. நீ சொல்லக் கூடாதுன்னியேன்னு, நான் மீன மட்டும் முழுங்கிட்டேன்!"