புகை காட்டாத திரை

பதினாறாம் மாடியின் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னலில் சலோமி திரை ஒட்டிக்கொண்டிருந்தாள். வெளியே இருப்பதைக் காட்டும், வேண்டாததை அழித்துவிடும் திரை. மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, ஓரத்தில் ஒரு நூல் சந்துகூட விடவில்லை.

“எதெல்லாம் அழிக்கணும் மேடம்?”

“கீழ இருக்கற குடிசைங்க. அந்தப் புகையும். விடிஞ்சா அதுலதான் முழிக்க வேண்டியிருக்கு.”

அதில் ஒரு குடிசை சலோமியுடையது. சொன்னால் வேலை போய்விடும். அழிக்க வேண்டியவை என்று இரண்டையும் திரையில் பதிந்தாள். குடிசைகள் இருந்த இடத்தில் தென்னந்தோப்பு வந்தது, அதற்கப்பால் எப்போதும் இருக்கும் கடல்.

“சொர்க்கம்மா!” என்றாள் வீட்டுக்காரி.

போன் அடித்தது. பக்கத்துக் குடிசைத் தவமணி.

“அக்கா, நம்ம தெரு பத்திக்கிச்சு! உன் புள்ள என் இடுப்புலதான் இருக்கான். ஒரே புகை, கண்ணே தெரியல. மேலதான இருக்க, எந்தப் பக்கம் ஓடறது சொல்லு!”

ஜன்னலில் தென்னை அசைந்தது. திரையை அணைத்தால் வெறும் கறுப்பு. சலோமி பிளேடை எடுத்துக் கிழிக்கப் போனாள்.

“ஏய், பைத்தியமா உனக்கு?” வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, சொல்லுக்கா!”

“கடல் பக்கமா ஓடுடி!” என்று கத்தினாள் சலோமி.

கையை உதறிக்கொண்டு ஒரு சாண் கிழித்துப் பார்த்தாள். கடல் பக்கம்தான் எரிந்துகொண்டிருந்தது.