இடம் மாற்றக் கூடாதவை

கையில் பூட்டோடு ஃபீல்டு ஆபீசர் சந்தனம் நாலாம் நம்பர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நர்மதா மூன்றாம் நம்பர் வீட்டில் எழுத்தாளரின் செருப்பைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

வலது கால் செருப்பு. நடைவாசலுக்கு நட்ட நடுவில் கிடந்தது.

மியூசியம் திறந்த அன்று யாரோ காலால் எத்தி அங்கே வந்து கிடந்தது. கிடந்த இடத்திலேயே அதற்கு முப்பத்தொன்று என்று எண் ஒட்டிவிட்டார்கள். எண் ஒட்டிய பொருளை இடம் மாற்றக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் திருவனந்தபுரத்திலிருந்து மூன்று கையெழுத்து வர வேண்டும். கடிதம் போய் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை இரண்டு பேர் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் தலைமை விருந்தினர்.

தேவிகுளத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், ஆறு வீடு ஒட்டிக் கட்டிய லயம் அது. ஆறு கதவும் ஒரே மாதிரி இருக்கும். மூன்றாம் நம்பரில் எழுத்தாளர் ஒரு காலத்தில் எஸ்டேட் கிளார்க்காக ஒன்பது மாதம் இருந்தாராம். மழையைத் திட்டிக்கொண்டே ஒரு நாவல் எழுதினாராம். அந்த ஒன்பது மாதத்துக்கு மியூசியம்.

நாலாம் நம்பரில் நர்மதாவின் அம்மா சுருளியம்மாள் முப்பத்தொன்பது வருஷமாக இருக்கிறாள். அதற்கு ஒன்றும் கிடையாது.

வீட்டில் ஒருத்தராவது கம்பெனி வேலையில் இருந்தால்தான் லயத்தில் வீடு. சுருளியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்து, நேற்றோடு கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாயிற்று. நர்மதா எம்.ஏ. அந்த லயத்தின் முதல் டிகிரி. மியூசியத்தில்தான் வேலை, ஆனால் அது கம்பெனி வேலை இல்லை, டிரஸ்டில் தினக்கூலி. கைடு வேலை கேட்டுப் போனவளுக்கு எண் ஒட்டுகிற வேலை கொடுத்தார்கள். கைடாகக் கோட்டயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் நாவலைப் படித்ததில்லை, சிரிப்பு நன்றாக இருந்தது.

நர்மதா நாலு தடவை படித்திருந்தாள். முந்நூற்றுப் பத்துப் பக்கம். கொழுந்தெடுக்கிற பெண்கள் ஒரே ஒரு இடத்தில், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வருகிறார்கள். தூரத்தில், முதுகு மட்டும்.

காலையில் சுருளியம்மாள் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருக்கையில், நர்மதா பின்னால் வந்து முதுகைத் தட்டிக் கொடுத்து, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். தட்டிக் கொடுக்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

"அக்கா, எம்மேல வருத்தப்படாதிய. மேல இருந்து சொல்லிட்டாக," என்றார் சந்தனம் சுருளியம்மாளிடம். "சட்டி பானைய எடுத்து வெளிய வைங்க. நாளைக்கு இங்க டிக்கெட் கவுண்டர்."

மியூசியம் மேனேஜர் பின்சி ஏற்கெனவே உள்ளே புகுந்து டேப்பால் கவுண்டருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருப்பதைப் பார்த்து, இதுதான் மியூசியம் என்று நாலைந்து டூரிஸ்டுகளும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். நர்மதா வந்து வாசலில் நின்றாள்.

சந்தனம் கஞ்சிப் பானையைத் தூக்கினார்.

"தொடண்டா சாரே," என்று தடுத்தாள் பின்சி. பழக்கத்தில் வந்த வார்த்தை. பானையில் எண் ஒட்டியிருந்தது. இருநூற்றுப் பதிமூன்று.

அம்மியில் இருநூற்றுப் பதினாலு. சுவரில் பதினைந்து. சுவரிலிருந்த விரிசலில் பதினாறு.

நர்மதா பதிவேட்டை நீட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பின்சியின் கையெழுத்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில், படிக்காமல் போட்டவை. படிக்கவில்லை என்று இப்போது சொன்னால் வேலை போகும்.

அதனால் பின்சி படித்தாள், சத்தமாக.

இருநூற்றுப் பதிமூன்று, எழுத்தாளருக்கு மழைநாளில் கஞ்சி போன பானை, பக்கம் நாற்பது. பதினாலு, எழுத்தாளரின் தூக்கத்தைக் கெடுத்த அம்மி, பக்கம் அறுபத்தொன்று. இருநூற்று முப்பத்தைந்து, கேஸ் அடுப்பு, எழுத்தாளர் பார்த்திராதது.

டூரிஸ்டுகள் கேஸ் அடுப்பைப் படமெடுத்தார்கள்.

சந்தனத்துக்குக் காது சிவந்துவிட்டது. "சரி, சாமான் கெடக்கட்டும். ஆளுக எறங்குங்க."

சுருளியம்மாள் ஆணியில் மாட்டியிருந்த பையை எடுக்கத் திரும்பினாள்.

ஸ்வெட்டரின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, இருநூற்று நாற்பத்தொன்று.

பின்சி பக்கத்தைப் புரட்டினாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "கொழுந்தெடுக்கும் பெண். பக்கம் நூற்றுப் பன்னிரண்டு, முதுகு மட்டும். பெயர் சுருளியம்மாள். நிலை, இரண்டு முழங்காலும் தேய்மானம்." கீழே பின்சியின் கையெழுத்து இருந்தது.

ஒரு டூரிஸ்ட் அம்மா, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டுமா என்று கேட்டாள். கயிறு இல்லை. இருந்தாலும் எல்லாரும் இரண்டடி பின்னால் போய் நின்றார்கள்.

சந்தனம் பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேலே போன் பண்ண மூன்றாம் நம்பருக்குள் போனார். தடால் என்று சத்தம் கேட்டது. செருப்புக்கு இது மூன்றாவது ஆள்.

கூட்டம் அந்தச் சத்தத்தைப் பார்க்கப் போனது. பின்சியும் போனாள்.

சுருளியம்மாள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். பானையில் ஒட்டியிருந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏட்டி, அப்ப நான் செத்தா?"

"அதையும் பாத்துட்டேம்மா. ஒம்பதாவது விதி. சேதமான சாமானையும் எடுக்கக் கூடாது."

சுருளியம்மாள் பின்னால் நகர்ந்து, முதுகைச் சுவரில் வைத்து அழுத்தினாள், எண் நன்றாக ஒட்டிக்கொள்ளும்படி.